மாமாவின் தோளும் மாப்பிள்ளையின் முடியும்

அக்கா நோயாளியைத் தொடுவதற்கு முன் இரண்டு உள்ளங்கைகளையும் சூடு பறக்கத் தேய்த்துக்கொள்வாள். பிறகு ஒரு கையைத் தன் கழுத்தில் வைத்துச் சூடு போதுமா என்று பார்ப்பாள். குளிர்ந்த கை பட்டால் தசை முறுக்கிக்கொள்ளும் என்பது பிசியோதெரபி படித்த காலத்திலிருந்து அவள் கொள்கை. வீட்டிலிருந்தே வீடியோவில் சிகிச்சை கொடுக்க மருத்துவமனை சொன்ன பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை. லேப்டாப் முன் உட்கார்ந்து கையைத் தேய்ப்பாள். தொடுவதற்குத் திரைதான் இருக்கும்.

தொடும் வேலையை நோயாளியின் வீட்டில் யாராவது செய்ய வேண்டும். எப்படி என்று காட்ட இங்கே ஓர் உடம்பு வேண்டும். அந்த உடம்பு நான். முகத்தைக் காட்ட மாட்டேன் என்றதால் கழுத்துக்குக் கீழே மட்டும் பிரபலம்.

அப்படி வந்தவர்தான் வெளியூர்ச் சலூன்காரர். தோள் இறுகிப்போய் வலது கை காதுக்கு மேல் ஏறவில்லை. காதுக்குக் கீழே மட்டும் முடி வெட்டி எந்தச் சலூன் ஓடும்? வாடிக்கையாளர்கள் எதிர்க்கடைக்கு நகர்ந்துவிட்டார்கள். கடையைக் கைகழுவிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். கையைப் பிடித்து நீட்டிவிட வீட்டில் தெம்புள்ள ஆள் மகளின் கணவரான மாப்பிள்ளை ஒருவர்தான். மாமாவும் மாப்பிள்ளையும் பேசிக்கொள்வதில்லை.

காரணத்தை மகள் சொன்னாள். மாப்பிள்ளை எதிர்க்கடையில் போய் முடி வெட்டிக்கொண்டதை மாமா கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துவிட்டார். கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு மாமா சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் மனுஷன் எங்கேதான் போவான் என்பது மாப்பிள்ளை தரப்பு. தூது போய் அலுத்த மகள், இனி அதையும் டாக்டரம்மாவே பார்க்கட்டும் என்று போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஒரே கட்டில். ஒருவர் கை இன்னொருவர் பிடியில். பேச்சு மட்டும் எங்கள் வீடுவரை வந்து திரும்பிப் போனது.

"டாக்டரம்மா, வலிக்குதான்னு கேளுங்க."

"வலிக்குதுன்னு சொல்லுங்கம்மா."

அக்கா சொல்லி முடிப்பதற்குள் மாமா பயத்தில் தோளை இறுக்குவார்; மாப்பிள்ளை பயத்தில் கையை விட்டுவிடுவார். வாரங்கள் போயின. கை ஏறவில்லை. வளர்ந்தது மாப்பிள்ளையின் முடிதான். எதிர்க்கடைக்குப் போக முடியாது, மாமாவால் வெட்ட முடியாது. அது காதை மூடிக் கழுத்தில் புரண்டது.

ஒருநாள் அக்கா பாதிப் பேச்சில் மைக்கை அணைத்துவிட்டு வாயை மட்டும் அசைத்தாள். கையைத் தூக்கியபடி படுத்திருந்த என்னை, அசையாதே என்று கிள்ளினாள். மகள் போனைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். மாப்பிள்ளை அக்காவைப் போலவே உள்ளங்கைகளைத் தேய்த்து, தன் கழுத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, மாமாவின் கையைத் தூக்கினார்.

"போதும் மாப்பிள்ளை," என்றார் மாமா, மின்விசிறியைப் பார்த்தபடி. "கழட்டிக் கையில குடுத்துடாதீங்க."

"இன்னும் கொஞ்சம் மாமா. மூச்ச விடுங்க."

அதன்பின் அக்காவின் மைக் அடிக்கடி கெட்டுப்போனது. கை காதைத் தாண்டியது.

கடைசி அழைப்பில் மாப்பிள்ளை புதுத் தலையோடு வந்தார். மாமா வீட்டிலேயே வெட்டிப் பார்த்தாராம். இந்தத் தலை சரியாக வந்தால் கடை, இல்லையென்றால் பூட்டு என்று சொல்லிவிட்டாராம். பக்கவாட்டில் பழைய கைநயம். உச்சியில் புதர். தோள் எதுவரை ஏறுகிறது என்பது அந்தத் தலையில் கோடு கிழித்ததுபோல் தெரிந்தது.

"எப்படி இருக்கு டாக்டரம்மா?"

அக்கா தலையைக் கூர்ந்து பார்த்தாள். "நல்ல முன்னேற்றம். உச்சிக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் பயிற்சி வேணும்" என்றாள். மாமாவின் முகம் வாடிவிட்டது. மறுவாரம் கடை திறந்துவிட்டதாக மகளிடமிருந்து செய்தி வந்தது. அக்கா அன்று முழுவதும் தன் சிகிச்சையைப் புகழ்ந்துகொண்டிருந்தாள்.

பல மாதம் கழித்து, தன் முழங்கால் வலிக்காக அழைத்தபோது மகள் சொன்னாள்: அந்தக் கடைசி அழைப்பன்று மாலையே மாப்பிள்ளை ஹெல்மெட்டைக் கழற்றாமல் எதிர்க்கடையின் பின்வாசல் வழியே நுழைந்து, உச்சியைச் சமமாக்கிக்கொண்டு வந்திருக்கிறார். காலையில் அதைப் பார்த்த மாமா, ஒரு ராத்திரி படுத்து எழுந்ததில் முடி படிந்துவிட்டது, கையில் ஒரு குறையுமில்லை என்று சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாராம்.