தாளம் கேட்காத காது

கடைசியாக அப்பாவும் நானும் சேர்ந்து செய்த வேலை, மைக் கேபிள்களைச் சுற்றி வைத்தது. சனிக்கிழமை மாலை, புனேயில் அப்பாவின் போபோடி வீட்டில். நான் கேபிளை முழங்கையில் போட்டுச் சுற்றினேன்.

"ஏட்டி, முறுக்காத. ஒரு சுத்து மேல, ஒரு சுத்து கீழ. எலெக்ட்ரானிக்ஸ் படிச்சவதான நீ?"

"காலேஜ்ல இதச் சொல்லித் தரலப்பா."

"பொறவு என்னத்தச் சொல்லித் தந்தான்?"

மறுநாள் காலை அவர் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள்.

அப்பா பெயர் ஆரோக்கியமணி. பாளையங்கோட்டைக்காரர். கட்கியில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பிரஸ் மெஷின் முன் நின்றார். விடுமுறை நாட்களில் மைக் செட். முதலில் மாதா கோயிலுக்கு, பிறகு புனேயில் தமிழ்ப் பெண்களின் பரதநாட்டிய அரங்கேற்றங்களுக்கு.

அரங்கத்தில் விளக்கு போடுபவர்களுக்குத் தமிழ் தெரியாது. பதத்தின் நடுவே நாயகி அழுது ஓய்ந்து சும்மா நின்றால், நடனம் முடிந்தது என்று விளக்கை அணைத்துவிடுவார்கள். அப்பா முன்கூட்டியே ஒரு விரலைத் தூக்குவார். மராத்தியில், "அஜூன் ஆஹே" என்பார். இன்னும் இருக்கிறது. அந்த விரலுக்காகவே நடன ஆசிரியை ப்ரியம்வதா இருபது வருடங்களாக வேறு யாரையும் கூப்பிடவில்லை.

போன நவம்பரில் சஹானா என்ற பெண்ணின் அரங்கேற்றம். ஜதி நடக்கும்போது, ப்ரியம்வதாவின் கைத்தாளத்துக்கு வைத்த மைக்கின் சத்தத்தை அப்பா ஏற்றிக்கொண்டே போனார். ஸ்பீக்கர் கிறீச்சிட்டது. முன்வரிசையில் காதைப் பொத்திக்கொண்டார்கள். சஹானா அடி தவறவில்லை.

இடைவேளையில் ப்ரியம்வதா வந்தார். "மணி சார், தாளம் காதைக் குத்தறதே."

"குத்துதா? எனக்குக் கேக்கவே இல்லம்மா. மைக்குதான் போச்சுன்னு நெனச்சேன்."

மைக்கை வாகட்டில் என் வீட்டுக்கு எடுத்துப் போய்ச் சோதித்தேன். பழுதில்லை. அதன்பின் அப்பாவைக் காது சோதனைக்கு அழைத்துப் போனேன். மூவாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் வரைபடக் கோடு செங்குத்தாக விழுந்திருந்தது. பேச்சு கேட்கும், மிருதங்கம் கேட்கும். வெண்கலத் தாளமும் சலங்கையும் கேட்காது. பிரஸ் மெஷின் இரைச்சலின் வேலை. வரைபடத்தை அவரிடம் காட்டி விளக்கினேன். அவ்வளவு விளக்கியிருக்க வேண்டாம்.

"போதும்ப்பா. விட்ருங்க."

"அம்மு பிள்ளைக்கு ஒத்துக்கிட்டனே." அம்மு, ப்ரியம்வதாவின் அடுத்த மாணவி. ஜனவரியில் அரங்கேற்றம்.

"அவங்க வேற ஆள் பாத்துப்பாங்க."

"மைக்குக்கு ஆள் வரும். வெரல் தூக்க யாருட்டி இருக்கா?"

மறுவாரம் அவராகவே காது மெஷின் கேட்டார். பாணேரில் ஒரு கிளினிக்கில் அவர் காதுக்கு அச்சு எடுத்தார்கள். எனக்கு ஒரு வாக்கும் தந்தார். மெஷினை மாட்டியும் தாளம் கேட்காவிட்டால், அம்முவின் அரங்கேற்றத்தைத் தானே ப்ரியம்வதாவிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்.

மெஷின் தயார் என்று வியாழக்கிழமை போன் வந்தது. காரில் கூட்டிப் போகிறேன் என்றேன். "ஒனக்கு ஆபீஸ் இருக்குல்லா. திங்கக்கெழம நானே பஸ்ல போய்க்கிடுதேன்" என்றார். எனக்கும் அசதி. சரி என்றுவிட்டேன்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் கிளினிக்கிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். அங்கிள் ஏன் வரவில்லை என்று இந்தியில் கேட்டாள். சொன்னேன். அந்த அச்சு இன்னொருவர் காதில் பொருந்தாது மேடம் என்றாள். தெரியும் என்றேன்.

வாசல் ஆணியில் அவருடைய துணிப்பை இன்னும் தொங்குகிறது. உள்ளே, ப்ரியம்வதாவிடம் இரவல் வாங்கிய ஒரு ஜோடிக் கைத்தாளம், பஸ்ஸில் சத்தம் வராதபடி கைக்குட்டையில் சுற்றி. கூடவே கிளினிக் சீட்டு. அதன் பின்பக்கம் பென்சிலில் எழுதியிருக்கிறார்: திங்கள். பாணேர். மாட்டிவிட்டதும் அங்கேயே தட்டிப் பார்க்கணும்.