கோணல் மரத்தில்தான் வங்கு

1. ஒடைஞ்ச கட்டை

ஜவ்வாது மலை அடிவாரம், ஆலங்காயம் பக்கத்துல மரம் அறுக்கற ஒரு சாமில். அங்க முப்பது வருஷம் பேண்ட்சா ரம்பம் ஓட்டினவன் நான். எதை அறுத்தாலும் அளவு நூல் பிசகாது. அந்தத் திமிரு எனக்கு நெறையவே இருந்துச்சு. நான் அறுத்த கட்டையை ஒருத்தர் என் கண்ணெதிர்லயே ஒடைச்ச அன்னிக்குத்தான் அது எறங்குச்சு.

அவர் கடலூர்ப் பக்கத்துத் தோணி மேஸ்திரி, பேரு ராமலிங்கம். பிளைவுட்ல வில்லு மாதிரி வெட்டின ஒரு அச்சைக் கொண்டாந்திருந்தார். "இதே வளைவுல பன்னெண்டு வங்கு வேணுங்க. வேம்பா இருக்கட்டும்"னார்.

"வங்குன்னா இன்னாங்க?"

"தோணிக்கு அடியில முதுகெலும்பாட்டம் ஓடற கட்டை ஏரா. அதுலேர்ந்து ரெண்டு பக்கமும் விலா எலும்பாட்டம் ஏறுது பாருங்க, அதான் வங்கு. அது மேலதான் பலகை அடிப்போம். ‘வங்கு ஏத்தியாச்சா’ன்னு கேட்டா, தோணி உருவத்துக்கு வந்துடுச்சான்னு அர்த்தம். பாய்க்கப்பல் காலத்துப் பேருங்க. பைபர் படகு வந்தப்புறம் கடக்கரையிலயே பாதிப் பேருக்குத் தெரியாது."

அவர் சாப்பிடப் போனார். நான் நல்ல நேரான வேப்பங்கட்டையா எடுத்தேன். அச்சை வெச்சு கோடு போட்டு, பேண்ட்சாவுல வளைச்சு வளைச்சு பன்னெண்டையும் அறுத்து வரிசையா சாத்தி வெச்சேன். பார்த்தா அப்படியே அச்சுல வார்த்த மாதிரி இருந்துச்சு.

வந்தவர் வளைவைப் பார்க்கவேயில்ல. கட்டையில ஓடற ரேகையை வெரலால தடவிப் பார்த்தார். ஒண்ணை எடுத்து ரெண்டு கல்லு மேல வெச்சார். கொட்டாப்புளியால, அதான் மரச்சுத்தியால, ஓங்கி ஒரே போடு. கட்டை ரெண்டாப் போச்சு.

"யோவ், இன்னாய்யா பண்ற? புத்தி கித்தி கெட்டுப் போச்சா?"ன்னு அடிக்கவே போயிட்டேன். அந்த மனுஷன் ஒடைஞ்ச துண்டைக் கையில வெச்சிக்கினு அப்படியே குந்திட்டார்.

2. சூளை லாரி

"ரேகை நேரா ஓடுது பாருங்க. இது ரம்பம் போட்ட வளைவு, மரம் போட்ட வளைவு இல்ல. அலை அடிச்சா ரேகை முடியற எடத்துல விட்டுடும். வங்குக்கு மரமே வளைஞ்சு வளர்ந்திருக்கணும். நான் மொதல்லயே சொல்லியிருக்கணுங்க, தப்பு என்னுது."

ஒடைஞ்ச துண்டைக் கீழ வெச்சுட்டு மேஸ்திரி மறுபடி சொன்னார்: "போன தோணிக்கு அவசரத்துல இப்படித்தான் ஒண்ணு வெச்சேன். தெரிஞ்சேதான் வெச்சேன். அது விட்டுப் போயி தோணி முழுகிடுச்சு. நாலு பேரு பிளாஸ்டிக் கேனைப் புடிச்சிக்கினு ஒரு பகல் பூரா நடுக்கடல்ல மெதந்தாங்க. உசுரோட வந்துட்டாங்க, சாமி புண்ணியம். அப்புறம் ஒருத்தனும் எனக்கு வேலை குடுக்கல. இப்ப என் தங்கச்சி வூட்டுக்காரர்தான் நம்பிக் குடுத்திருக்கார். அவரும் அவர் ரெண்டு புள்ளைங்களும் போற தோணிங்க இது."

என் கோவமெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல. அவர் ஒடைச்சுப் பார்க்காம ஏத்திட்டுப் போயிருந்தா?

எங்க தொழில்ல கோணக் கட்டைன்னா வெறகுதான். எத்தனை வருஷமா நானே பொறுக்கித் தள்ளியிருக்கேன்! அன்னிக்குக் காலையிலதான் அந்தக் குவியலைச் செங்கல் சூளைக்கு லோடு ஏத்தியிருந்தோம். லாரி கேட்டைத் தாண்டிக்கினு இருந்துச்சு. ஓடிப் போய் முன்னால நின்னுட்டேன்.

மொதலாளி கத்தினார்: "யோவ், இன்னா வெளையாடறியா? சூளைக்காரன் போன் மேல போன் போடறான்!"

"மொதலாளி, வெறகு இல்லீங்க இது. இதுலதான் அவரு தோணி கீது."

அவர் என்னைப் பார்த்தார், மேஸ்திரி மூஞ்சியைப் பார்த்தார். "எறக்கித் தொலைங்கடா சீக்கிரம்"னார்.

அதுல ஒம்போது கட்டை தேறுச்சு. மிச்சம் மூணுக்கு மறுநாள் மலையேறினோம். பாறை ஓரமா வளைஞ்சு வளர்ந்து, மழைக்குச் சாஞ்சு கெடந்த ஒரு வேம்பை, கொல்லைக்காரர் "எடுத்துக்கோங்க, தோணிக்குப் போவட்டும்"னு குடுத்தார். இந்தத் தடவை வளைவுல நான் கை வெக்கல. ரெண்டு பக்கம் மட்டும் சீவினேன். ரேகை போன வழியிலதான் ரம்பம் போச்சு.

3. கரை

தோணியைத் தண்ணியில எறக்கற அன்னிக்கு மேஸ்திரி என்னையும் கூப்பிட்டிருந்தார். பூஜை முடிஞ்சு அவர் மச்சானும் புள்ளைங்களும் ஏறினாங்க, மேஸ்திரியும் ஏறினார். ஏறிட்டு என் பக்கம் கையை நீட்டினார்.

"ஐயையோ, எனக்கு நீச்சல் தெரியாதுங்க!"

"வங்கு அறுத்தது நீங்கதானே? ஏறுங்கண்ணே."

கரையில அவர் தங்கச்சி நின்னுது. புருஷனும் ரெண்டு புள்ளைங்களும் அந்தத் தோணியில. அந்தப் பொண்ணு தோணியைப் பார்க்கல, என் மூஞ்சியையே பார்த்துக்கினு இருந்துச்சு. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கினு ஏறிட்டேன்.

மொத அலை தூக்கிப் போட்டப்ப ஒரு வங்கை ரெண்டு கையாலயும் கெட்டியாப் புடிச்சிக்கினேன். முனகுச்சு, ஆனா அசையல. ரேகை பார்த்து அறுக்க யாரு வேணா கத்துக்கலாம். நான் அன்னிக்குக் கத்துக்கினது வேற. அதுக்கப்புறம் எந்தக் கட்டையை மெஷின்ல வெச்சாலும், இதை நம்பி நான் ஏறுவேனான்னு ஒரு தடவை கேட்டுட்டுதான் ஸ்விட்சைப் போட்டேன்.