ஜெயமலர் வீட்டுப் பாம்பின் கோபம்

சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் குடியிருப்பில் என் வீட்டுக்கு எதிர்க் கதவு ஜெயமலருடையது. வெள்ளிக்கிழமைகளில் மச்சம் மாமிசம் படாத வீடு. ஆனால் அந்த வீட்டு ஐஸ்பெட்டியில், கறிவேப்பிலைப் பைக்குப் பின்னால், உறைந்த எலிக்குஞ்சுகள் எப்போதும் இருக்கும். பாம்புக்குக் கிழமை தெரியாது என்பது அவளுடைய வாதம்.

பாம்பு மகள் துர்க்காவுடையது. செம்மஞ்சள் நிறம், விஷமில்லாத சாது. பெயர் நூடில். வேலை கிடைத்து ஹலிஃபாக்ஸ் போன துர்க்கா, அங்கே வீடு எடுக்கும் வரை என்று தாயிடம் விட்டுப் போனாள். முதலில் ஜெயமலர் கையில் துவாயைச் சுற்றிக்கொண்டுதான் கண்ணாடிப் பெட்டியைத் திறப்பாள். மாசி மாதம் பார்த்தால், மிசிசாகாவில் விமானச் சாப்பாடு பொதி செய்யும் வேலை முடிந்து வந்து, பாம்பை மணிக்கட்டில் சுற்றவிட்டபடி நாடகம் பார்க்கிறாள். "ராசா" என்று கொஞ்சுகிறாள். இத்தனை வருடப் பழக்கத்தில் எனக்கு அந்தக் குரலில் ஒரு தேத்தண்ணி கிடைத்ததில்லை.

அந்த ராசாதான் ஒரு மாலை அவளைப் பார்த்துச் சீறி, கொத்தப் பாய்ந்தது. பல் படவில்லை, மனதில் பட்டுவிட்டது. கவனித்துப் பார்த்தால் அதன் கண்கள் நீலம் பாய்ந்து மங்கிக் கிடந்தன. எலியைத் திரும்பியும் பார்க்காமல், பெட்டிக்குள் ஒளிந்துகொள்ள வைத்திருந்த ஓட்டுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டது. ஜெயமலர் அழுதுகொண்டு என் கதவைத் தட்டினாள்.

"பொன்னம்பலம் அண்ணை, செத்தவீட்டுக்குப் போட்டு வந்து குளிக்காமல் தூக்கிப்போட்டன். துடக்குத் தீட்டோடை தொட்டதாலைதான் பிள்ளைக்குக் கண் தெரியாமல் போச்சு."

"மகளிட்டைக் கேட்டனியோ, ஜெயா?"

"என்னெண்டு கேக்கிறது? என்னை நம்பித் தந்திட்டுப் போனவள்."

துர்க்காவின் அழைப்புகளை அவள் எடுக்கவேயில்லை. மன்னிப்புக் கேட்டுப் பெட்டிக்குள் ஒரு கிண்ணம் பால் வைத்தாள். பாம்பு பால் குடியாது என்று சொன்னேன், முறைத்தாள். பாம்பு குடிக்கவில்லை. புளித்த மணம்தான் என் வீடு வரை வந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

சனிக்கிழமை காலை ஒரு கூச்சல். ஓடினேன். பெட்டிக்குள் நூடில் நிறமே இல்லாமல் நீட்டிக் கிடந்தது. ஜெயமலர் நிலத்தில் குந்திவிட்டாள். அந்த நேரம் பார்த்து அவளுடைய போன் அடித்தது. நான் எடுத்தேன். வீடியோவில் துர்க்கா.

"பிள்ளை, நூடில் செத்துப்போச்சு," என்று சொல்லிப் பெட்டியைக் காட்டினேன்.

"அங்கிள்! அது வெறும் ஸ்கின்! சட்டை கழட்டியிருக்கிறான்!"

அதே நேரம் ஓட்டுக்கு அடியிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. புதுப் பெயின்ற் அடித்த மாதிரி அப்படியொரு செம்மஞ்சள். துடக்குக் கதையை நான் சொல்ல, துர்க்கா விளக்கினாள். சட்டை கழற்ற முன் பாம்புக்குக் கண் மங்கும், பசி இருக்காது. சரியாகத் தெரியாத பயத்தில் சீறும். அந்த நாட்களில் தூக்கக் கூடாது.

"அம்மா, கண்ணை மூடியிருந்த ரெண்டு வட்டமும் அந்தத் தோலிலை இருக்கோணும். செக் பண்ணுங்கோ. இல்லாட்டி கண்ணிலை ஒட்டியிருக்கும்."

ஜெயமலர் தோலை மெல்லத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரு வட்டம் தெரிந்தது. மற்றதைக் காணோம். நானும் குனிந்து தேடினேன். ஒரு மடிப்பை விரித்தாள்.

"ரெண்டும் இருக்கு! ரெண்டும் இருக்கு!"

கீழ் மாடிக்கும் கேட்டிருக்கும். நூடில் வெளியே வந்து, நாக்கை நீட்டி அவள் விரலை ஆராய்ந்து, பழையபடி மணிக்கட்டில் ஏறிச் சுற்றிக்கொண்டது. அவள் அழுதாள், சிரித்தாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது, ஒரு பாம்புக்காக!

"துடக்கும் இல்லை, ஒண்டும் இல்லை அம்மா," என்றாள் துர்க்கா. "ஆனா தூக்க முதல் கை கழுவோணும்."

"பாத்தியளோ அண்ணை! அதைத்தானே நானும் சொன்னனான்!"

வைகாசியில் துர்க்கா வீடு எடுத்துவிட்டாள். பாம்பைக் கொண்டுபோக வந்தவள், தாயின் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினாள். இப்போதும் செத்தவீட்டுக்குப் போய் வந்தால் ஜெயமலர் நேரே குளியலறைக்குத்தான் ஓடுகிறாள். என் வீடு வரை குரல் கேட்கும்:

"பொறு ராசா, குளிச்சிட்டு வாறன்!"