சூடேறிய கம்ப்யூட்டரும் அன்னப்பட்சி முந்தியும்

என் மகள் அபிநயா பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தபோது, துணிமணியோடு கம்ப்யூட்டரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தாள். ஓரிக்கையில் அவள் மாமியார் வீடு, திருப்பருத்திக்குன்றத்தில் எங்கள் வீடு. வழியிலுள்ள பள்ளம் மேடெல்லாம் அந்தப் பெட்டியும் சேர்ந்துதான் அனுபவித்தது.

நான் காய்கறி பயிர் வைக்கிறவன். ஐந்தாம் வகுப்போடு சரி. எங்கள் வீட்டில் தறியும் கிடையாது. இவள்தான் பள்ளிப்படிப்பு முடித்து, காஞ்சிபுரத்தில் ஒரு டிசைன் கடைக்குக் கலர் போடுகிற வேலைக்குப் போனாள். மற்றவர்கள் டீ குடிக்கப் போகும் நேரத்தில் உட்கார்ந்து, பட்டுப்புடவைக்குப் பூவும் பட்சியும் வரையப் பழகினாள். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டிலேயே வரைகிறாள். இதுவரை பார்டர் மட்டும்தான் கொடுப்பார்கள். இந்தத் தடவை நெசவாளர் வேல்முருகன் முழுப் புடவையையும் நம்பிக் கொடுத்தார். உடலெல்லாம் அன்னப்பட்சி, அகலமான முந்தி. வயிற்றில் பிள்ளையோடு உட்கார்ந்து வரைந்தாள்.

முந்தியில் ஒரு மூலைதான் பாக்கி. அதற்குள் என் பேத்தி பிறந்துவிட்டாள். அவள் கொட்டாவி விடுகிற அழகைச் சொல்ல ஆரம்பித்தால் இந்தக் கதை இங்கேயே நின்றுவிடும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்த சில நாளில், ஒரு காலை குழந்தை தூங்கியதும் அபிநயா கம்ப்யூட்டரைப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்தது. மறுபடி போட்டாள், அப்படியேதான். பெட்டியைத் தொட்டால் கொதித்தது. சாயங்காலம் வேல்முருகன் வரப்போகிறார். தறி காலியாகிவிட்டது, இன்றைக்கு டிசைன் கிடைக்காவிட்டால் வேறு ஆளிடமிருந்து வாங்கிய பழைய டிசைனை ஏற்றிவிடுவேன் என்று காலையில்தான் போனில் சொல்லியிருந்தார்.

பெட்டியின் இரைச்சலில் குழந்தை விழித்துக்கொள்ளும் என்று என் மனைவி காந்தா அதன்மேல் பழைய புடவையைப் போர்த்தியிருந்தாள். சூடு அதனால்தான் என்று எடுத்துப் பார்த்தோம். அப்போதும் அணைந்தது. ரிப்பேர் கடைக்காரர் இரண்டு நாள் ஆகும் என்றார். பச்சை உடம்புக்காரி அதோடு மல்லுக்கட்டாதே என்றாள் காந்தா.

அபிநயா பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியின் மூடியைக் கழற்றினாள். உள்ளே ஒரு சின்ன ஃபேன், அதன் கீழே சீப்புப் பல் மாதிரி அலுமினியக் கட்டி. சிப்பின் சூட்டை வாங்கிக்கொள்வது அதுதானாம். விரலால் தொட்டாள். ஆடியது.

“நாலு காலுல ஒண்ணு கழண்டுக்கினு இருக்குதுபா. சிப்பு மேல ஒக்காரவே இல்ல, அப்புறம் எப்படி சூடு எறங்கும்?”

மருமகன் விமல்ராஜ் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து காலை ஷிப்ட் முடிந்து வரும்போது, சிப்புக்குத் தடவுகிற பேஸ்ட்டை வாங்கி வரச் சொன்னாள். பிரசவத்துக்கு வாங்கிய ஸ்பிரிட்டையும் பஞ்சையும் எடுத்து, காய்ந்துபோன பழைய பேஸ்ட்டைத் துடைத்தாள். புதியதை அரிசி அளவு வைத்தாள். வயிற்றில் தையல் இருந்ததால் காலை அழுத்தும் வேலை மருமகனுக்கு வந்தது. அவர் ஒரு பக்கத்தில் ஆரம்பித்து வரிசையாக அழுத்தப் போனார்.

“ஒரு பக்கமே அழுத்தினா மறுபக்கம் தூக்கிக்கும். எதிர் மூலை எதிர் மூலையா அழுத்துங்க. எங்கம்மா போட்ட சோறெல்லாம் எங்க போச்சு?”

சிரித்துக்கொண்டே அழுத்தினார். நான்கு காலும் டக்கென்று உட்கார்ந்தன. கம்ப்யூட்டரைப் போட்டாள். அது அணையவே இல்லை. அவள் அந்த மூலையை வரைய உட்கார்ந்தாள்.

முடிக்கிற நேரத்துக்கு வேல்முருகன் வந்து, பிள்ளை பெற்ற வீடு என்று வாசலிலேயே நின்று பென் டிரைவை நீட்டினார். வாங்கிய அபிநயா, ஸ்கிரீனைப் பார்த்துவிட்டு அதைச் செருகாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

“அண்ணா, மூலையில ஒரு அன்னத்துக்கு வாலு பார்டர்ல மாட்டிக்கினு பாதி அறுந்திருக்குது. சரி பண்ணித்தான் குடுப்பேன்.”

“அது யார் கண்ணுக்குத் தெரியப் போவுதும்மா? தறி சும்மா கெடக்குது, குடு.”

“முந்திய விரிச்சா மொதல்ல தெரியறது அந்த மூலதாண்ணா. கொஞ்சம் உக்காருங்க.”

நாளெல்லாம் அந்தப் பெட்டியோடு போராடிய பெண், அவர் கேட்டும் கொடுக்கவில்லை. வேல்முருகன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து ஸ்கிரீனைக் குனிந்து பார்த்தார். அறுந்து நின்ற வாலில் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு வீட்டுக்குப் போன் போட்டார்.

“அந்தப் பழைய டிசைன எடுத்து உள்ள வெச்சிடு. நான் வர கொஞ்சம் நேரமாவும்.”