அம்மா படத்துக்கு ஒரு சுவர்

தொண்ணூறுகளின் நடுவில், பாபநாசம் போகும் வழியில் ஆற்றை ஒட்டி, வயதானவர்களுக்கென்று வசதியான குடியிருப்பு ஒன்று கட்டியிருந்தார்கள். அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி அதைப் பற்றி யாரிடமோ கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தான்.

"யக்கா, அப்பாவுக்கு அங்கன ஒரு வீடு எடுத்துரலாம்னு நெனைக்கேன். நீ போய்ப் பாரு. நீ நல்லாருக்குன்னு சொன்னாத்தான் எடுப்பேன். இல்லன்னா விட்டுருவோம்."

அம்மா இறந்த பிறகு அப்பா பாளையங்கோட்டையில் என் வீட்டில்தான் இருந்தார். காலுக்குத் தைலம் தேய்ப்பது நான். பள்ளிக்கூடத்தில் தொண்டை கிழியப் பாடம் நடத்திவிட்டு, மத்தியானம் ஓடிவந்து அவருக்குச் சோறு போட்டுவிட்டுத் திரும்பி ஓடுவதும் நான். தம்பி செய்வதெல்லாம் போனில் பேசுவதுதான். ஆனால் அவன் பேசிவிட்டு வைத்தால் போதும், அப்பாவுக்கு முகமெல்லாம் பல். "எவ்வளவு அக்கறையாக் கேக்கான் பாத்தியா?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் பக்கத்துச் சைவக் குடும்பங்களில், மகன் இருக்கும்போது மகள் வீட்டில் தங்கிச் சாப்பிடுவது கௌரவக் குறைச்சல். அப்பா அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார். ஆனால் என் கணவர் உள்ளே வந்தால் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துகொள்வார். சட்டையைக் கொடியில் போடாமல் மடித்துத் தன் டிரங்குப் பெட்டியிலேயே வைப்பார். அந்தப் பெட்டியில், பழைய வேட்டி ஒன்றில் சுற்றி, அம்மாவின் படம் இருந்தது. அதை மாட்டுவதற்காகவே கூடத்துச் சுவரில் ஒரு ஆணி அடித்துவிட்டு அவரைக் கூப்பிட்டேன்.

"மாப்பிள்ளை வீட்டுச் சுவத்துல எதுக்குளா? அவ மகன் வீட்டுல இருக்க வேண்டியவ," என்று சொல்லிவிட்டார்.

அவள் என்னையும்தானே பெற்றாள்? அந்த ஆணியில் ஜவுளிக்கடைக் காலண்டரை மாட்டினேன்.

ஆகவே, அந்தக் குடியிருப்பை நான் பார்க்கப் போனது குறை கண்டுபிடிக்கத்தான். வாடகைக் காரில் அப்பாவும் வந்தார். சலவை வேட்டி கட்டி, கல்யாண வீட்டுக்குப் போவதுபோல் விபூதி பூசிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததுமே எனக்கு எரிச்சல் தொடங்கிவிட்டது.

நிர்வாகி அம்மாள் எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினார். குளியலறைத் தரை வழுக்கும் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலால் தேய்த்துப் பார்த்தேன். சொரசொரவென்று பிடித்தது. சுவரோடு பிடித்துக்கொள்ளக் கம்பி, கட்டிலருகே கூப்பிட மணி, கூப்பிட்டால் வர ஒரு நர்ஸ். என் வீட்டில் மணியும் நான்தான், நர்ஸும் நான்தான். தண்ணீரையாவது குறை சொல்லலாம் என்று ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தேன். தாமிரபரணித் தண்ணீர். அதைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

மத்தியானம் சாப்பிட உட்கார வைத்தார்கள். சொதியும் இஞ்சிப் பச்சடியும். தேங்காய்ப்பால் திரிந்திருக்க வேண்டும் என்று நான் மனதாரப் பிரார்த்தித்தேன். திரியவில்லை. அப்பா சொதியை இன்னொரு தடவை கேட்டு வாங்கினார். என் வீட்டில் எதையும் இரண்டாம் தடவை கேட்காத மனிதர். எனக்கு வயிறு எரிந்தது. இஞ்சியால் அல்ல.

கிளம்பும்போது, காலியாக இருந்த அறை வாசலில் அப்பா நின்றுவிட்டார். நிர்வாகி அம்மாளிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "இந்தச் சுவத்துல ஆணி அடிக்கலாமாம்மா?"

"உங்க வீடு சார். தாராளமா அடிங்க."

அப்பா சுவரை உள்ளங்கையால் பையத் தடவிப் பார்த்தார். நான் காருக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அடுத்த ஞாயிறு தம்பி போன் செய்தான். அதற்குள் சொல்ல வேண்டியதையெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். ஆஸ்பத்திரி தூரம், கொசு அதிகம், மழைக்காலத்தில் ஆற்றுப்பக்கம் ஈரம் ஏறும். ஒரு வார்த்தை போதும், அப்பா என்னிடமே இருந்துவிடுவார். ரிசீவரை எடுத்துத் திரும்பினால், அப்பா கூடத்தில் நிற்கிறார். கூடத்து ஆணியிலிருந்து காலண்டரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஆணியின் கனத்தை விரலால் அளந்துகொண்டிருந்தார். அந்தப் புது அறையில் அடிக்க எவ்வளவு பெரிய ஆணி வேண்டும் என்று பார்க்கிறாராம்.

"நல்லாருக்குலே. எடு," என்றேன்.

போனை வைத்ததும் அப்பா சொன்னார்: "தம்பி ஒண்ணு தீர்மானிச்சான்னா அது சரியாத்தான் இருக்கும்."

குடிபோன அன்று பக்கத்து அறைப் பெரியவர் எட்டிப் பார்த்தார். அப்பா நிமிர்ந்து நின்று பேசினார். "மகன் எடுத்துக் குடுத்த வீடு. அமெரிக்காவுல இருக்கான்," என்றார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார். "இது மக. பாளையங்கோட்டையில இருக்கா. பாத்துட்டுப் போக வந்திருக்கா."

அவருடைய மெத்தையில் விரிப்பை விரித்துக்கொண்டிருந்தவள் நான். விருந்தாளி ஆகிவிட்டேன். பார்த்தே இராத இந்த வீட்டுக்கு அவன் சொந்தக்காரன். பொறாமை என்று சொன்னால் அது சின்ன வார்த்தை.

அப்பா டிரங்குப் பெட்டியைத் திறந்தார். சட்டைகளைக் கொடியில் போட்டார், எல்லாவற்றையும். பிறகு வேட்டியைப் பிரித்து அம்மாவை வெளியே எடுத்து, காவலாளி அடித்துக் கொடுத்த ஆணியில் மாட்டினார். இரண்டடி பின்னால் வந்து என் அருகில் நின்றார்.

"ஏளா, நேரா இருக்கா பாரு. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல."

படம் நூல் பிடித்ததுபோல் நேராக இருந்தது.

"சாஞ்சிருக்குப்பா," என்றேன்.

அவர் படத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "அப்ப நீயே மாட்டு."

வாங்கிக்கொண்டேன். உடனே மாட்டவில்லை.