நாவல் நாக்கு

வயல் வட்டையில் கதிர் பார்க்கப் போன இடத்தில் ஒரு கான் தண்ணீரைக் குடித்து முடித்தேன். தாகம் அடங்கவில்லை. ஆஸ்பத்திரியில் முதலாம் வகை நீரிழிவு (கணையம் இன்சுலினைச் சுரக்காமல் விடுவது) என்றார்கள். தினமும் நான்கு ஊசி.

எங்கள் வீட்டில் படித்தவன் நான் மட்டும்தான். ஆங்கிலத்தில் எழுதிய கிளினிக் கொப்பியை வாசித்துச் சொல்வது என் வேலை. ஊசி அலுத்துப்போன ஒரு நாள், அதில் இல்லாததை வாசித்தேன்.

"ஊசி வேணாமாம் அம்மா. நாவல் கொட்டைத் தூள் போதுமாம்."

கைபேசியில் பார்த்த கதை அது. நானும் பாதி நம்பினேன். எங்கள் ஊர் உன்னிச்சையில் நாவல் பழுத்திருந்த காலம். அம்மா கொட்டைகளைக் காயவைத்து இடித்து, வேளை தவறாமல் கரைத்துத் தந்தார்.

சில நாட்களில் வாந்தி, மூச்சிரைப்பு. கீற்றோஅசிடோசிஸ் (இன்சுலின் இன்றி இரத்தம் அமிலமாகும் நிலை). வார்டில் நான் கண் விழித்தபோது மருத்துவர் அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஊசிய ஏன் நிப்பாட்டினீங்க?"

"நீங்கதானே டொக்டர் எழுதினீங்க. இவன்தான் வாசிச்சவன்."

"நான் பொய்யா வாசிச்சன்," என்றேன்.

அம்மா அழவில்லை. கொப்பியை எடுத்துத் தன் பைக்குள் வைத்தார். "இனி இது என்னட்ட இரிக்கட்டும். தாதிப் பிள்ளையிட்டக் கேட்டுக்கொள்ளுறன்."

வீடு திரும்பியதும் மாமா சொன்னார்: "சீனி வருத்தக்காரன் பழத்துப் பக்கமே போகப்படா."

நான் மருத்துவரிடமே கேட்டிருந்தேன். நாவலில் நார்ச்சத்து உண்டு, சீனி அதிகமில்லை, ஆனால் மருந்தல்ல. சாப்பாட்டோடு பத்துப் பழம், ஊசியும் தவறக்கூடாது என்றார். இதே வருத்தத்துடன் வாசிப்பவரே, ஊசியை விடாதீர்கள், பழத்தையும் விட்டுக்கொடுக்காதீர்கள். உப்பும் மிளகாய்த் தூளும் தூவி, மூடிய கோப்பையில் தோல் வெடிக்கும்வரை குலுக்குங்கள். கொட்டை நீக்கி எருமைத் தயிரில் பிசைந்தாலும் நல்லது.

நான் மாமாவுக்கு முன்னால் இருந்துதான் தின்கிறேன்.

"நாக்க நீட்டு மனே," என்பார் அம்மா.

"பத்துத்தான் அம்மா."

"பத்துக்கு இவ்வளவு ஊதா வராது."

பிறகு என் விரலில் குத்தி, சீனி அளக்கும் மீற்றரைப் பார்ப்பார். அவருக்கு எழுத்துத் தெரியாது, இலக்கம் தெரியும். "நூற்றி நாற்பது," என்று அவரே வாசிக்கிறார்.

என் நாள் இப்போது காலை, மாலை என்று போவதில்லை. ஊசியிலிருந்து ஊசிக்குப் போகிறது. என் உடம்பில் என்ன நடக்கிறது என்பதை இனி என்னால் யாருக்கும் பொய்யாக வாசித்துக் காட்ட முடியாது. மாமா பார்த்துக்கொண்டிருக்கிறார். நாக்கை இன்னும் நன்றாக நீட்டுகிறேன்.