மறுபடி அக்கா

பிள்ளைகள் வைத்த பெயர் அது. அவருக்குத் துணிக்கடையில் பில் போடும் வேலை. சனிக்கிழமை மதியம் மட்டும் எங்கள் நூலகத்தின் பின்கூடத்தில், ஓயாமல் அடித்துக்கொள்ளும் இரண்டு தெருக்களின் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைப்பார். நூலகச் சாவி என்னிடம். நாற்காலியை இழுத்து இழுத்துத் தரையைப் பாழாக்குகிறார்கள் என்று நான் முணுமுணுக்காத வாரமே இல்லை.

அங்கே ஒரே விளையாட்டுதான், அதுதான் சட்டமும். இருவர் எதிரெதிரே உட்கார வேண்டும். ஒருவன் தன் மனத்தாங்கலைச் சொல்வான். மற்றவன் பதில் பேசுமுன், கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவன் "அதேதான்" என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் இவன் தன் பக்கத்தைப் பேசலாம். தப்பினால் அக்கா, "மறுபடி" என்பார். ஒட்டகம் என்று எல்லோரும் கூப்பிடும் நெட்டையன், கெட்ட வார்த்தை சேர்க்காமல் எதிராளியின் பேச்சைத் திருப்பிச் சொல்வதற்கே ஒரு சனிக்கிழமை முழுவதையும் தின்றான். கடைசியில் இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்து, சண்டை எதற்கு என்பதே மறந்துபோனது.

அக்கா இதைத் தொடங்கக் காரணம் அவருடைய மகன். ஒரு தெருச்சண்டையில் பாட்டில் உடைந்து அவனுக்கு ஒரு கண் போனது. எறிந்தவன் முகத்தைக் குறிபார்த்து எறிந்தான் என்றே எல்லோரும் பேசினார்கள். அவனைச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பினார்கள். மகன் வீட்டோடு அடங்கிவிட்டான். இன்னொரு தாய்க்கு இது நேரக்கூடாது என்றுதான் அக்கா கூடத்துக்கு வந்தார்.

சென்ற மாதம் எறிந்த பையனே விடுதலையாகி வந்து வாசலில் நின்றான். யாரையும் திருப்பி அனுப்புவதில்லை என்பது அக்கா போட்ட விதி.

"வேணாம்மா, நான் அவனைப் போகச் சொல்லிடறேன்" என்றேன்.

அக்கா தனக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டார்.

"நான் சுவத்தைப் பார்த்துத்தான் எறிஞ்சேன், பயமுறுத்தணும்னு" என்றான் அவன். "உடைஞ்ச சில்லு தெறிச்சு அவன் மேல பட்டுடுச்சு. எவ்வளவோ சொன்னேன், யாரும் நம்பல."

இப்போது அக்கா திருப்பிச் சொல்ல வேண்டும்.

"நீ எறிஞ்சே. என் பிள்ளை மூஞ்சியைப் பார்த்து..."

ஒட்டகம்தான் மெல்ல வாயைத் திறந்தான்.

"அக்கா, அவன் அப்படிச் சொல்லல. மறுபடி."

இரண்டாம் முறையும் சுவர் என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. எழுந்து போய்விடுவார் என்றே நினைத்தேன். இந்தக் கூடத்தால்தான் இரண்டு தெருவும் கொஞ்ச நாளாக அடங்கியிருந்தன. அவரே எழுந்து போனால் அப்புறம் எந்தப் பிள்ளை உட்காரும்? கடைசியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, சுவரும் சில்லுமாக முழுவதையும் சொல்லி முடித்தார்.

"அதேதாங்க" என்று சொல்லிவிட்டு அந்தப் பையன் விம்மி அழுதான். அக்கா அழவில்லை. நம்பினேன் என்றும் சொல்லவில்லை.

அன்று மாலை வீட்டில் நடந்ததை அக்காவே பிறகு என்னிடம் சொன்னார். விஷயம் அவருக்கு முன்பே வீட்டை எட்டியிருந்தது.

"அவன் என்ன சொன்னான்?" என்று மகன் கேட்டிருக்கிறான். அக்கா ஒரு வார்த்தை விடாமல் சொல்லியிருக்கிறார். அவன் தலையை நிமிர்த்தவே இல்லையாம்.

"அது நிஜம்மா. பாட்டில் சுவத்துல பட்டதை நான் பார்த்தேன். போலீஸ் கேட்டப்போ எதுவும் ஞாபகமில்லன்னுட்டேன். எனக்குப் போனமாதிரி அவனுக்கும் ஏதாவது போகட்டும்னு இருந்துச்சு."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடா."

"நீ எங்கம்மா கேட்டே? எல்லாத்தையும் நீயே சொல்லி முடிச்சுட்டே."

இதைச் சொன்னபோதுதான் அக்கா என் முன்னால் அழுதார்.

அடுத்த சனிக்கிழமை தாயும் மகனும் சேர்ந்து வந்தார்கள். மகன் நேராகப் போய் அந்தப் பையனுக்கு எதிரே உட்கார்ந்தான். அக்கா வட்டத்துக்குள் போகவில்லை. கதவோரம் என் பக்கத்தில், வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார்.

"நான் பார்த்தேன்" என்று மகன் ஆரம்பித்தான்.